ஒபதியா ரெனிக் கொடுத்த அனுமதி

ஒபதியா ரெனிக்கை எங்கள் மாநிலத்தின் கவர்னராகத் தேர்ந்தெடுத்த நேரத்தில், அவர் வாயைத் திறந்தபடி என் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். கடைவாய்ப் பல் அழுகிக் கன்னம் வீங்கியிருந்தது. நான் தலைநகரில் வைத்தியம் பார்த்துவந்தேன். அவர் என் தங்கை பெர்மீலியாவின் கணவர். போரில் எந்தப் பக்கம் சேர்வது என்று முடிவுசெய்யக் கூடிய மாநில மாநாட்டுக்குப் பிரதிநிதியாக வந்தவர், வலி பொறுக்காமல் பாதிக் கூட்டத்தில் எழுந்து என்னிடம் வந்துவிட்டார். நான் அரைக் குவளை விஸ்கியைக் குடிக்க வைத்து, குறடை உள்ளே விட்டிருந்தேன்.

அப்போதுதான் மாநாட்டுக்காரர்கள் நாலைந்து பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர்களில் மூத்தவர் குனிந்து, "கவர்னர் ஐயா" என்று ஆரம்பித்தார்.

ஒபதியா வாயில் பஞ்சோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "கவர்னர்தான் தெற்கே போயிட்டாரே. இவங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார்.

"அவர் இல்லீங்க. இப்போ நீங்கதான்."

ஒபதியா, பல் வந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். "முதல்ல அதை எடு, மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வந்தவர்கள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். தான் சம்மதித்தது எப்போது என்று கடைசிவரை அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தெற்கே போன கவர்னர் வேறு யாருமில்லை, ஹைரம் டாலிவர். ஆற்றோரத்துப் பிளம் பெண்ட் ஊரில் ஹைரமும் ஒபதியாவும் ஒரே அறையில் வக்கீல் தொழில் செய்தவர்கள். ஹைரம் பேசுவார், ஒபதியா எழுதுவார். ஹைரம் நின்று பேசினால் ஜூரிகள் மூக்குச் சிந்துவார்கள். ஒபதியாவுக்குப் பேச்சு வராது. யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு நியாயம் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு எதிர்த்தரப்பு பேசினால் அதிலும் தெரியும். அதனாலேயே அவரை மாவட்ட நீதிபதியாக்கினார்கள். வேலித் தகராறுகளில் அவர் சொல்லும் தீர்ப்பு இரண்டு பக்கத்துக்கும் சமமாகக் கசக்கும் என்று ஊரில் சொல்வார்கள். ஹைரம் அரசியலுக்குப் போய்க் கவர்னரானார். பதவியேற்றபோது ஒபதியாதான் அவருக்கு மேலங்கியைப் பிடித்து மாட்டிவிட்டார்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றாம் ஆண்டு வசந்தத்தில், அடிமை முறையை வைத்து நாட்டின் வடக்குக்கும் தெற்குக்கும் போர் வந்தது. எங்கள் மாநிலம் நடுவில் மாட்டிக்கொண்டது. அடிமை வைத்திருந்த குடும்பங்களும் இருந்தன, அது பாவம் என்ற குடும்பங்களும் இருந்தன. ஒரே குடும்பத்துக்குள் இரண்டும் இருந்தன. ஹைரம் தெற்கோடு சேரவேண்டும் என்றார். மாநாடு சேரமாட்டோம் என்றது. வடக்குப் படை நீராவிப் படகுகளில் ஆற்றில் ஏறி வருகிறது என்று தெரிந்ததும், ஹைரம் அரசு முத்திரையையும் தன் பக்கத்துச் சட்டசபை உறுப்பினர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெற்கு எல்லைக்குப் போய், நானே கவர்னர் என்று அறிவித்தார். இங்கே மாநாடு நாற்காலி காலி என்று அறிவித்தது. இரண்டு பெரிய மனிதர்கள் அந்த நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். முடிவில், யாருக்கும் ஆட்சேபம் இல்லாத ஒரே மனிதராக, அறையிலேயே இல்லாத ஒபதியாவின் பெயரை யாரோ சொன்னார்கள்.

அப்படித்தான் ஒரே மாநிலத்துக்கு இரண்டு கவர்னர்கள் வந்தார்கள்.

பெர்மீலியாவும் ஒபதியாவும் கவர்னர் மாளிகைக்குக் குடிபோனபோது அடுத்த குழப்பம் காத்திருந்தது. மாடியில் ஹைரமின் மனைவி லுசிண்டா படுத்திருந்தாள். அவளுக்கு நுரையீரல் வியாதி முற்றியிருந்தது. வண்டியில் வைத்தால் முதல் மைலிலேயே போய்விடுவாள் என்று நான்தான் ஹைரமிடம் சொல்லியிருந்தேன். அதனால் அவளை விட்டுவிட்டுப் போனார். அவளோடு அவர்களுடைய சமையல்காரி வைனியும் இருந்தாள். வைனி கறுப்பினத்தவள், லுசிண்டாவின் பிறந்தவீட்டிலிருந்து சீதனத்தோடு சீதனமாக வந்த அடிமை.

ஆக, கீழே புதுக் கவர்னர், மேலே பழைய கவர்னரின் மனைவி. இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பில் வைனி சமைத்தாள். பெர்மீலியா முதல் நாள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். என்ன சொல்வது என்று தெரியாமல், "உங்க வீட்டுக்கு வந்திருக்கோம்" என்றாளாம். லுசிண்டா சிரித்துவிட்டு, "திரைச்சீலையெல்லாம் துவைச்சு ரொம்ப நாளாச்சு, மன்னிச்சுக்கோ" என்றாளாம். அதற்குப் பிறகு இருவரும் நன்றாகத்தான் பழகினார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் இரண்டு கவர்னர்களும் ஆள் கூப்பிட்டார்கள். ஹைரமின் கட்டளை இரவோடு இரவாகத் தேவாலயக் கதவுகளில் ஒட்டப்பட்டது. ஒபதியாவின் கட்டளை பகலில் நீதிமன்றக் கதவுகளில் ஒட்டப்பட்டது. பிளம் பெண்ட்டிலிருந்து ஈனோஸ் என்ற சோள விவசாயி ஒபதியாவைப் பார்க்க வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். ஈனோஸ் உட்காரவில்லை.

"ஜட்ஜய்யா, நீங்களும் என் பையனைக் கூப்பிடுறீங்க, ஹைரம் ஐயாவும் கூப்பிடுறார். எங்கிட்ட இருக்கறது ஒரே காலேப்தான். யாருக்கு அனுப்பறது?"

வேறு எந்தக் கவர்னராக இருந்தாலும் மேசையைக் குத்தி, எனக்குத்தான் என்று சொல்லியிருப்பார். ஒபதியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சோளம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். நல்ல விளைச்சல் என்றார் ஈனோஸ். "அறுப்பு முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றார் ஒபதியா. ஈனோஸ் நன்றி சொல்வதா வேண்டாமா என்று புரியாமல் வெளியே போனார். அறுப்பு முடிந்ததும் காலேப் எங்கள் வடக்குப் படையில் சேர்ந்தான். யார் சொல்லிச் சேர்ந்தான் என்று எனக்குத் தெரியாது.

மறு ஆண்டு வைனி ஒபதியாவிடம் ஒரு கேள்வி கேட்டாள். தெற்கோடு சேர்ந்த கலகக்காரர்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று வாஷிங்டனில் சட்டம் போட்டிருக்கிறார்களாமே, அது தனக்கும் உண்டா என்று. ஒபதியா அவளிடம் அலட்சியமாகப் பேசவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றார். உண்மையிலேயே பார்க்கவும் செய்தார். வைனி ஹைரமின் சொத்து என்றால் ஹைரம் கலகக்காரர், அவளுக்கு விடுதலை. லுசிண்டாவின் சீதனச் சொத்து என்றால் லுசிண்டா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை, விடுதலை இல்லை. எங்கள் மாநிலச் சட்டம் ஒன்று சொன்னது, வாஷிங்டன் சட்டம் ஒன்று சொன்னது. மாதக்கணக்கில் புத்தகங்களைப் புரட்டினார். என்னிடம் ஒருநாள் இதையெல்லாம் சொன்னபோது நான் கேட்டேன்: "மாப்பிள்ளை, உங்க மனசுக்கு என்ன தோணுது?"

"மனசுக்குத் தெரியுது, மச்சான். ஆனா கவர்னர் கையெழுத்து மனசு போடறது இல்லையே."

இந்த விஷயத்தில் அவரை நியாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அவள் அடிமையாகவே அடுப்பை மூட்டினாள்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு தை மாதக் குளிரில் லுசிண்டாவுக்கு இரத்தம் அதிகமாக வர ஆரம்பித்தது. இனி நாட்கள்தான் என்று ஒபதியாவிடம் சொன்னேன். அவள் ஹைரமைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் கேட்டாள். எப்படியோ சேதி தெற்கே போயிற்று. வெள்ளைக் கொடியோடு ஒரு குதிரைக்காரன் வந்து, கவர்னர் டாலிவர் தன் மனைவியைப் பார்க்க அனுமதி கேட்கிறார் என்றான். கவர்னர் என்ற சொல் வந்தபோது எல்லோரும் ஒபதியாவைப் பார்த்தார்கள். அவர் அதைக் கவனிக்காததுபோல் இருந்தார்.

தலைநகரைக் காத்த படைக்குக் கர்னல் ஷ்ராடர் தலைவர். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர், கண்டிப்பானவர், நல்லவர். கூடாது என்றார். வந்தால் பிடித்துச் சிறையில் போடவேண்டும் என்றார். இல்லையென்றால் கண்ணையாவது கட்டி அழைத்துவரவேண்டும் என்றார்.

"அவன் எதிரிதான், கர்னல். அவன் பொண்டாட்டி எதிரி இல்லையே" என்றார் ஒபதியா.

"பொண்டாட்டியைப் பார்க்கிற கண்ணாலதான் ஐயா நம்ம காவலையும் பார்ப்பான்."

ஒபதியா அறைக்குள் நடந்தார். கர்னல் சொல்வது சரி என்றார். பிறகு, சாகிறவளிடம் கணவனைக் கண்கட்டி அழைத்துப்போவது எப்படி என்றார். பிறகு மறுபடியும் கர்னல் சொல்வது சரி என்றார். கடைசியில் அனுமதி எழுதிக் கொடுத்தார். கண் கட்டவேண்டாம் என்றும் எழுதினார்.

ஹைரம் வந்தார். இளைத்து, தாடி நரைத்திருந்தது. பூட்ஸில் துணி வைத்துக் கட்டியிருந்தார். நேராக மாடி ஏறிப் போனவர் மறுநாள் மதியம்தான் கீழே வந்தார். அதுவரை அந்தக் கதவை யாரும் தட்டவில்லை. பெர்மீலியா அவரைச் சாப்பிட உட்காரச் சொன்னாள். வைனி பன்றித் தொடைக்கறியும் சோள ரொட்டியும் வைத்தாள். ஒரே மேசையில் இரண்டு கவர்னர்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் ஓரத்தில் இருந்தேன்.

"என் நாற்காலியில உட்கார்ந்திருக்கியே, முதுகு வலிக்கலையா?" என்றார் ஹைரம்.

"வலிக்குது."

"எனக்கும் வலிச்சுது. அதோட இடது கால் கொஞ்சம் குட்டை. ஒரு கட்டை வச்சுக்கோ."

ஒபதியா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் அவர்கள் பிளம் பெண்ட்டு மனிதர்களைப் பற்றிப் பேசினார்கள். யார் எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிளம்பும்போது ஹைரம் ஒபதியாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வந்த பாதை பனியில் மூடிவிட்டதால், ரயில் பாதையை ஒட்டி, வான்கோழி ஓடைப் பாலத்தைத் தாண்டி அவரை அனுப்பினார்கள். லுசிண்டா அந்த வாரமே இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் வைனி ஒபதியாவின் அறைக்கு வந்தாள். அம்மா போய்விட்டாள், இனி தான் யாருக்குச் சொந்தம் என்று கேட்டாள். ஒபதியாவின் முகம் தெளிந்தது. மாதக்கணக்கில் புரட்டியதற்கு இப்போது ஒரு வழி தெரிந்துவிட்டது அவருக்கு. லுசிண்டாவின் சொத்து இனி ஹைரமுக்குப் போகும், ஹைரம் கலகக்காரர், ஆகவே... ஆனால் மாநிலச் சட்டப்படி ஒரு விசாரணை வைத்து... என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் வைனி தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு அது புரியல ஐயா. புரியவும் வேணாம். நீங்க தெளியறதுக்குள்ள எனக்கு வயசாயிடும். நான் கிளம்பறேன்."

பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, ஒரு மூட்டையோடு போனாள். ஆற்றைத் தாண்டினால் அடுத்த மாநிலம், அங்கே அடிமைச் சட்டம் இல்லை. ஊர்க் காவல் அதிகாரியான செரீப் ஓடி வந்து, பிடித்து வரட்டுமா என்று கேட்டான். ஒபதியா சன்னலில் நின்றபடி, "பார்க்கலாம்" என்றார். செரீப் காத்திருந்தான். அவள் படகேறிவிட்டாள். வேண்டுமென்றே அப்படிச் சொன்னாரா, பழக்கத்தில் வந்த சொல்லா என்று பின்னால் கேட்டேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றார்.

பனி உருக ஆரம்பித்த சமயம் வான்கோழி ஓடைப் பாலம் எரிந்தது. தெற்குக் குதிரைப்படை ஒன்று காவலாளிகளை வெட்டிவிட்டுத் தூண்களுக்குத் தீ வைத்துப் போயிருந்தது. அது தெரியாமல் வந்த ரயில் ஓடையில் விழுந்தது. அதில் வந்தவர்கள் எங்கள் படைச் சிப்பாய்கள், பலர் எங்கள் பிளம் பெண்ட்டுப் பையன்கள். நான் போய்ப் பார்த்தேன். என்னால் காப்பாற்ற முடிந்தவர்கள் குறைவு. ஈனோஸின் மகன் காலேப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போதே உயிர் இல்லை.

ஒபதியாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஹைரம் அந்த வழியாத்தானே போனான்?"

ஆமாம், அந்த வழியாகத்தான் போனார். அந்தப் பாலத்தில் காவல் மெலிந்திருந்ததைப் பார்த்திருக்கலாம். ஆனால் அது எங்கள் ஊரில் பால்காரனுக்கும் தெரியும், தெற்குப் படையில் பாதிப் பேர் இந்த ஊர்க்காரர்கள். ஹைரம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. நான் இதையெல்லாம் சொன்னேன். ஒபதியா தலையாட்டினார். ஒவ்வொன்றும் சரி என்றார். அவருக்கு எல்லாமே சரியாகத்தான் படும், அதுதான் அவருடைய கஷ்டம். பத்திரிகைகள் அவரைத் துரோகி என்று எழுதின. சட்டசபை விசாரித்தது. அனுமதி கொடுத்தது நான்தான், கண் கட்டவேண்டாம் என்றதும் நான்தான் என்று அவரே எழுந்து சொன்னார். கர்னல் ஷ்ராடரைச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது, தான் எச்சரித்ததாகவும், ஆனால் பாலத்துக்குக் காவல் போதாமல் வைத்தது தன் தவறு என்றும் சொன்னார். முடிவில் யார் மேலும் எதுவும் நிரூபணமாகவில்லை.

அதன் பிறகு ஒபதியா ஒருநாள் ஆற்றைக் கடந்து போனார். நானும் துணைக்குப் போனேன். வைனி அக்கரைப் படகுத்துறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். ஹைரம் அன்று சமையலறைப் பக்கம் வந்து பாலத்தைப் பற்றி, காவலைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று ஒபதியா அவளிடம் விசாரித்தார்.

"இன்னொரு துண்டு ரொட்டி கேட்டார். வேற ஒண்ணும் கேட்கலை" என்றாள் வைனி. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அவர் கேட்டதைத் தேடி ஆறு தாண்டி வந்துட்டீங்க. நான் கேட்டதுக்கு ஒரு நாள்கூட பதில் சொல்லலையே ஐயா."

ஒபதியா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தப்புதான் என்றார். வாசலில் ஆட்கள் சாப்பிடக் காத்திருந்தார்கள். உட்காருவதென்றால் உட்காருங்கள், இல்லையென்றால் வழியை விடுங்கள் என்றாள். நாங்கள் வழியை விட்டோம்.

அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. நிற்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. போர் முடிந்ததும் பிளம் பெண்ட்டுக்குத் திரும்பினார்; நானும் அங்கேயே வந்துவிட்டேன். சில ஆண்டு கழித்து ஊர் அவரை மறுபடி நீதிபதியாக்கியது. ஈனோஸும் அவருக்கே ஓட்டுப் போட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒபதியா அவரிடம் போய் அனுமதி விஷயம் முழுவதையும் சொல்லியிருந்தார். ஈனோஸ் வெகுநேரம் கேட்டுவிட்டு, இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள், நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டாராம்.

ஹைரம் தோற்ற படையோடு மெக்சிகோ வரை போய், தோற்றவர்களுக்கு அரசின் பொது மன்னிப்பு வந்த பிறகு ஊர் திரும்பினார். ஒபதியா முதல் வாரமே அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"பாலத்தைப் பத்தி நீ சொன்னியா, ஹைரம்?"

ஹைரம் பொய் சொல்லப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"தளபதி என்னைக் கூப்பிட்டு, வந்த வழி எப்படியிருந்ததுன்னு கேட்டார்" என்றார் ஹைரம். "அன்னிக்குத்தான் லுசிண்டா போயிட்டாள்னு சேதி வந்தது. நான் ஏதோ பேசினேன். என்ன பேசினேன்னு எனக்குத் தெரியல. அப்புறம் பாலம் எரிஞ்சதுன்னு கேட்டதும் நினைச்சு நினைச்சுப் பார்த்தேன். வரல, ஒபதியா. சொல்லலைன்னு சத்தியம் பண்ணத்தான் ஆசை. சத்தியம் பண்ண முடியல."

ஒபதியா எழுந்தார். கோபமாக இருக்கிறாரா, அழுகிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வீடு வரை நடந்தோம். வழியில், "அவன் சொன்னேன்னு சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும். சொல்லலைன்னு சொல்லியிருந்தாலும் நல்லாயிருந்திருக்கும்" என்றார்.

ஹைரம் மறுபடியும் வக்கீல் தொழில் செய்ய விண்ணப்பம் போட்டார். நன்னடத்தை உள்ளவர் என்று மாவட்ட நீதிபதி கையெழுத்திடவேண்டும். ஒபதியா நெடுநேரம் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்திட்டார். எதற்காகப் போட்டீர்கள் என்றேன். "போடாம இருக்க ஒரு காரணம் தேடினேன், மச்சான். தெரிஞ்ச காரணமா ஒண்ணும் கிடைக்கல" என்றார். அவருடைய நீதிமன்றத்திலேயே ஹைரம் பன்றி மேய்ந்த வழக்கும் வேலி வழக்கும் வாதாடினார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். ஹைரம் பேசுவார், ஒபதியா எழுதுவார். வழக்கு சம்பந்தமாகத் தவிர இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டு ஒபதியா நுரையீரல் காய்ச்சலில் இறந்தார். கடைசி நாட்களில் நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒருமுறை, அன்று ஹைரமின் கண்ணைக் கட்டியிருந்தால் லுசிண்டா என்ன நினைத்திருப்பாள் என்று கேட்டார்.

அடக்கத்தின்போது ஹைரம் வந்தார். கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. பெர்மீலியா அவரைப் பார்த்துவிட்டாள். என் கையைப் பிடித்து, "உள்ளே வாங்கன்னு கூப்பிடவா அண்ணா? அவர் இருந்தா என்ன செய்வார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. கூப்பிடலாம் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஓடையில் கிடந்த பையன்களின் தாய்மார்கள் சிலர் உள்ளே நின்றிருந்தார்கள். நாங்கள் தயங்கிக்கொண்டிருக்கும்போதே ஹைரம் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆற்றுப் பாதையில் இறங்கி நடந்துவிட்டார்.